ஆறு பவுண்டு மசியல்

"ஒரு நீப் ரெண்டு பவுண்டா? உள்ளே தங்கம் கிங்கம் வெச்சு வளர்த்தாங்களா?"

மர்டோ கெடிஸ் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காய்கறிக்காரி செங்கா அசரவில்லை. தேங்காய்ப் பருமனில் இருந்த அந்த மஞ்சள் கிழங்கைத் தராசில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"மழை விட்டாத்தானே மர்டோ? வயல் பூரா தண்ணி. இதாவது வந்துச்சேன்னு சந்தோஷப்படு."

"அதுக்காக ரெண்டு பவுண்டா?"

"விலைச்சீட்டுல இருக்கறது இங்கிலீஷ்காரன் வெச்ச பேரு. அந்தப் பேருக்கு ரெண்டு பவுண்டு. உங்க ஊர்ப்பேரு நீப், அதுக்கு ஒண்ணே முக்கால். எங்க கிளாஸ்கோவுல சொல்ற மாதிரி 'டம்ஷி'ன்னு கேளு, ஒன்றரைக்கே தரேன்."

மர்டோ பால்டரனில் பிறந்து, பால்டரனிலேயே முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். டம்ஷி என்ற சொல் அவர் வீட்டில் காலடி வைத்ததில்லை. ஆனால் பதினைந்து கிழங்கு வாங்க வேண்டியிருந்தது.

"பதினஞ்சு டம்ஷி குடும்மா," என்றார் வாய்க்குள்ளேயே.

"சத்தமா! நாலு பேருக்குக் கேக்க வேணாமா?"

கேட்டது. மானம் போனாலும் கிழங்குக்கு ஐம்பது பென்ஸ் மிச்சம் என்று தேற்றிக்கொண்டு மூட்டையைத் தூக்கினார்.

இதெல்லாம் அவர் வாயால் வந்த வினை. புனித ஆண்ட்ரூ நாள் விருந்துக்கு இந்த வருஷம் டிக்கெட் ஒன்பது பவுண்டு என்று ஊர் ஹால் கமிட்டியில் சொன்னார்கள். காய்கறி விலை அப்படி. மர்டோவுக்குச் சட்டென்று வாட்டியின் ஞாபகம் வந்தது. ஆடு மேய்த்து ஓய்ந்த கிழவர். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவர் வருஷத்தில் ஒரு நாள் பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது இந்த விருந்தில்தான். பென்ஷனில் ஒன்பது பவுண்டுக்கு அவர் எங்கே போவார்?

"ஆறே பவுண்டுல முடிக்கலாம்," என்று மர்டோ எழுந்துவிட்டார். "மூணு வகை மசியல் எதுக்கு? எல்லாம் உருளைக்கிழங்கைப் பிசையறதுதானே? ஒண்ணு போதும்!"

பத்தொன்பது வருஷமாக அந்தச் சமையலறையை ஆண்டவர் மிஸஸ் டால்ரிம்பிள். அவர் கோபப்படவில்லை. கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தாராளமா செய்யுங்க. ஆறு பவுண்டுல எல்லாருக்கும் வயிறு ரொம்பிச்சுன்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அடுத்த வருஷம் ஒன்பதுதான். உள்ளே சட்டி ஒண்ணு, கிண்ணம் மூணு இருக்கு. உடைக்காம திருப்பிக் குடுங்க."

மூன்று கிண்ணத்துக்கு ஒரு சட்டிதானா என்று மர்டோ யோசித்தார். மிச்சச் சட்டிகளை அம்மாள் வீட்டிலிருந்து கொண்டுவருவார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

விருந்துக்கு நான்கு நாள் முன்னால் ஹால் வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதினார்: 'ஹேகிஸ், மசியல்.' ஆட்டு ஈரலும் ஓட்ஸும் அடைத்து வேகவைத்த கறி, தொட்டுக்கொள்ள மசியல், அவ்வளவுதான்.

அரைமணி நேரத்தில் எர்லண்ட் ஃப்ளெட் வந்து நின்றார். ஆர்க்னித் தீவுக்காரர், மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். குரல் கடலைத் தாண்டும்.

"யோவ் மர்டோ, மசியல்னா என்னய்யா? ஆஸ்பத்திரிச் சாப்பாடா? உருளையும் நீப்பும் சேர்த்துப் பிசைஞ்சா அதுக்குக் கிளாப்ஷாட்னு பேரு. வைக்கிங் காலத்துலேர்ந்து அதான் பேரு!"

வைக்கிங் காலத்தில் உருளைக்கிழங்கு ஏது என்று கேட்க மர்டோவுக்கு நாக்கு துறுதுறுத்தது. வம்பு வேண்டாமென்று மசியலை அழித்துக் கிளாப்ஷாட் என்று எழுதினார்.

மத்தியானம் ரோனா எலியட் வந்தாள். தெற்கே எல்லைப்பக்கத்துக்காரி, தையல் கடை வைத்திருப்பவள்.

"ஓகோ, தீவுக்காரனுக்கு மட்டும் விருந்து. முட்டைக்கோஸ் போட்டு, மேல சீஸ் தூவின எங்க ரம்பிள்தம்ப்ஸ் உனக்குக் கசக்குதா?"

"அப்படியில்ல ரோனா, செலவு..."

"செலவா? எங்க ஆளுங்க பன்னெண்டு பேர். டிக்கெட்டைத் திருப்பித் தரோம், காசைக் குடு."

ரம்பிள்தம்ப்ஸும் பலகையில் ஏறியது. எழுதி முடிப்பதற்குள் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஜியார்டி மில்ன் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அவர் அபர்தீன் பக்கம். அங்கே உருளையோடு கேல் கீரையைப் பிசைந்து, கிரீம் ஊற்றுவார்கள்.

"கேல்கென்னிக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமா, நான் சொல்லட்டுமா?" என்றார், லைசென்ஸ் கேட்கிற தோரணையில்.

ஆக, எதை நிறுத்துகிறேன் என்று மர்டோ சாவியை வாங்கினாரோ, அந்த மூன்றும் பலகையில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. கீரை, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியதில் கையிலிருந்த பணம் துடைத்துப் போயிற்று.

அதோடு விட்டதா? ஹாலில் மூன்று கோஷ்டிக்கும் சண்டை நடக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. விருந்தன்று மத்தியானம் மனைவி நெட்டா டிக்கெட் பெட்டியோடு சமையலறைக்குள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மர்டோ, அறுபத்துநாலு டிக்கெட் வித்தாச்சு!"

"அறுபத்துநாலா? வழக்கமா நாப்பதுதானே! நாப்பது பேருக்குத்தானே காய் வாங்கியிருக்கேன்!"

"இப்பத்தான் காசு வந்துடுச்சே, போய் வாங்கு."

"செங்கா கடை இன்னிக்கு அரை நாள். பூட்டிட்டா."

நெட்டாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேஜையில் இருந்ததை இருவரும் பார்த்தார்கள். கிளாப்ஷாட்டுக்கு நீப் பத்தாது. ரம்பிள்தம்ப்ஸுக்கு முட்டைக்கோஸ் பத்தாது. கீரையைக் கேட்கவே வேண்டாம். ஹேகிஸ் மட்டும் கசாப்புக்கடைக்காரர் புண்ணியத்தில் தாராளமாக இருந்தது.

"பேசாம மிஸஸ் டால்ரிம்பிளைக் கூப்பிடேன்," என்றாள் நெட்டா.

மர்டோ ஜன்னலைப் பார்த்தார். விருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வாட்டி அதற்குள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். மர்டோ சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"அந்தச் சட்டியை எடு," என்றார்.

சட்டியில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். உருளை, நீப், முட்டைக்கோஸ், கேல், இருந்த வெங்காயம் எல்லாம் அதற்குள் போயிற்று. வேகவைத்து, வெண்ணெய் போட்டு, கட்டி தட்டாமல் பிசைந்து, அளவு கூட்ட வறுத்த ஓட்ஸைக் கொட்டிக் கிளறினார். மஞ்சளும் பச்சையுமாக ஒன்று தயாரானது. அதற்கு எந்த ஊரிலும் பெயர் கிடையாது.

"கண்டுபிடிச்சிடுவாங்க மர்டோ," என்றாள் நெட்டா.

"மேல தூவறதை மாத்திட்டா யாருக்குத் தெரியும்?"

ஒரு கிண்ணத்தின்மேல் வெங்காயத்தாள் தூவி ஆர்க்னிக்கு வைத்தார். அடுத்ததில் சீஸ், ரோனாவுக்கு. மூன்றாவதில் கிரீம், போலீஸ்காரருக்கு. மூன்று கிண்ணத்தையும் சுமந்துகொண்டு ஹாலுக்குள் போனபோது, பிரேக் பிடிக்காத பஸ்ஸை இறக்கத்தில் ஓட்டுவது போல் இருந்தது அவருக்கு.

எர்லண்ட் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். ஹாலே அவர் வாயைப் பார்த்தது.

"இதுதான்யா கிளாப்ஷாட்! எங்க தீவுக்கே போயிட்டு வந்த மாதிரி இருக்கு!"

"பெரிய தீவு!" என்று ரோனா தட்டோடு எழுந்தாள். "எங்கே, அதுல அப்படி என்ன இருக்குன்னு பாப்போம்." எர்லண்டின் கிண்ணத்தில் ரெண்டு கரண்டி எடுத்துத் தின்றாள். "சுவர்ல போஸ்டர் ஒட்டலாம். வாய் கெட்டுப்போச்சு, எங்க ரம்பிள்தம்ப்ஸைக் கொண்டாங்க, கழுவிக்கறேன்."

ஜியார்டி விடுவாரா? சாட்சி விசாரிக்க வேண்டுமென்று இரண்டு கிண்ணத்திலும் தட்டு நிறைய எடுத்தார். ரெண்டும் தேறாது என்று தீர்ப்பு எழுதிவிட்டு, தன் கேல்கென்னிக்குத் திரும்பினார். எர்லண்ட் பதிலடி கொடுக்க அந்தக் கேல்கென்னியை நோக்கிப் புறப்பட்டார். அப்புறம் மேஜைக்கு மேஜை இதே கதைதான். தட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. மூன்று கோஷ்டியும் வாட்டியை இழுத்து, "நீங்க எந்தப் பக்கமும் இல்லாதவர், நியாயத்தைச் சொல்லுங்க," என்று ஆளுக்கொரு தட்டு நீட்டின.

"சட்டுனு சொல்ல முடியலையே," என்றார் வாட்டி. "இன்னும் கொஞ்சம் வைங்க."

மர்டோ சட்டிக்கும் ஹாலுக்கும் ஓடி ஓடிக் களைத்தார். கடைசியில் கரண்டி அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து மிஸஸ் டால்ரிம்பிள் எழுந்தார். மூன்று கிண்ணத்திலும் ஒவ்வொரு கரண்டி எடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக மென்றார். மர்டோவின் கை தானாகப் பாக்கெட்டிலிருந்த சாவிக்குப் போனது.

"மூணும் மூணு விதமா, பிரமாதமா இருக்கு," என்றார் அம்மாள். "அடுத்த வருஷமும் ஆறு பவுண்டு. சாவி மர்டோகிட்டயே இருக்கட்டும்!"

ஹால் அதிர்ந்தது. எர்லண்ட் மேஜையைக் குத்தினார். ரோனா மர்டோவின் கன்னத்தில் முத்தமிட்டாள். ஜியார்டி போலீஸ் சல்யூட் அடித்தார். நெட்டா ஓரமாக நின்று ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுபோனதற்காக ஒருத்தரும் மர்டோவுக்குக் கைதட்டியதில்லை. இப்போது அறுபத்துநாலு பேர் தட்டினார்கள். அவருக்கு ஹாலின் கூரை தலையில் இடிக்கும்போல் இருந்தது.

எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது வாட்டி தன் தட்டைக் கழுவப் போட உள்ளே வந்தார். மர்டோவால் வெற்றியை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"வாட்டி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று காதோடு காதாகச் சொன்னார். "மூணும் ஒரே சட்டிதான். மேல தூவினதுதான் வேற. ஒருத்தனும் கண்டுபிடிக்கலே!"

வாட்டி பல்லிடுக்கில் சிக்கிய கீரையை நிதானமாக எடுத்தார்.

"பத்தொம்பது வருஷமா ஒரே சட்டிதான்ப்பா, அது ஊருக்கே தெரியும்! சண்டைன்னு ஒண்ணு இல்லாட்டி, ஆறு பவுண்டைக் குடுத்துட்டு மூணு தடவை தட்டை நீட்ட எங்களுக்கு வெக்கமா இருக்காதா?"