பதினொரு ஒட்டுப் போட்ட ரியூப்பும் ஒரு பட்டுப் பாவாடையும்

தெரியாது என்ற சொல் என் வாயில் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் இன்னும் தெளிவில்லை. ஆனாலும் வழி கேட்டவருக்கு வழி சொல்லியிருக்கிறேன், மருந்து கேட்டவருக்கு மருந்து சொல்லியிருக்கிறேன். (வழி கேட்டவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து ஏசிவிட்டுப் போனார்கள். மருந்து கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. சுகமாகியிருக்கும்.)

இந்தக் குணத்தால் என் மூத்த மகள் யோகாவின் பட்டுப் பாவாடைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் தர்மபுரத்தில் இருந்தோம். சண்டைக் காலம். சாமான்களுக்குத் தடை. சவர்க்காரம் வராது, பற்றரி வராது, சைக்கிள் ரியூப் வரவே வராது. அதனால் கிழிந்த ரியூப்பைக்கூட யாரும் எறிவதில்லை. கரியரில் மூட்டை கட்ட ரியூப், அறுந்த செருப்புக்கு வார் போட ரியூப், குசினிக் கதவு தானாகச் சாத்த ரியூப். என்னுடைய அவருக்கு ஒரு பழைய பின்சில்லு ரியூப் இருந்தது. பதினொரு ஒட்டு. ஒவ்வொரு ஒட்டும் எந்த ரோட்டில் போட்டது என்று சொல்லுவார்.

அந்த நேரத்தில்தான் யோகா பெரியபிள்ளையானாள். கொழும்பில் இருந்த என் தம்பி அரக்குச் சிவப்பில் பட்டுத்துணி வாங்கி, தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். அது வவுனியா தாண்டி எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் எத்தனை இடத்தில் விரித்து உதறிப் பார்த்தார்களோ, வரும்போதே பாதி உடுத்த துணி மாதிரி இருந்தது. ஆனாலும் பட்டு பட்டுத்தான். தைக்கும்போது பிழைத்துப்போனால் இன்னொன்றுக்கு வழியில்லை.

பிழைத்தால் உடுக்க ஒன்றையும் என் மச்சாள் பூமணி ஆயத்தமாக வைத்திருந்தா. என் அவருடைய அக்கா. தன் மகளுடைய பழைய பச்சைப் பாவாடையை மடித்து ஒரு பையில் கொண்டுவந்தா.

"செல்லம், எதுக்கும் இது கிடக்கட்டும். உன்ர துணி தைச்சு முடிக்காட்டிலும் பிள்ளை உடுக்கலாம்."

"எங்களுக்கு ஏன் மச்சாள் பழசு?"

"தைக்கிறதெண்டால் அளவு சரியா எடுக்க வேணும். என்னட்ட ரேப் கிடக்கு, தரட்டோ?"

அந்தப் பக்கத்தில் தையல் ரேப், துணி அளக்கிற நாடா, அவவிடம் மட்டும்தான் இருந்தது. இலக்கம் போட்ட மஞ்சள் ரேப். தையல் வகுப்பில் கொடுத்தது. அலுமாரியில் நகை மாதிரிப் பூட்டி வைத்திருப்பா.

"வேண்டாம் மச்சாள். என்ர கண்ணே எனக்கு ரேப்" என்றேன்.

மச்சாள் போனதும் யோகா அறைக்குள் இருந்து சொன்னாள்: "அம்மா, அந்தப் பச்சையை நான் உடுக்கமாட்டன். உடுத்தால் மச்சாள் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சாகடிப்பாள்." அவள் சொன்னது பூமணியின் மகளை. தாயைப் போலவே வாய்.

"நீ ஏன் பயப்பிடுறாய்? கொம்மா இருக்கிறன்" என்றேன். (பயப்பட வேண்டியதே அதுக்குத்தான் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.)

தையல்காரர் முத்தையா அண்ணை சந்தியில் இருந்தார். மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர், நல்ல தையல். ஆனால் தண்ணீர் வார்க்கும் வரை பிள்ளையை ஆம்பிளைகள் பார்க்கக் கூடாது. அவரைக் கூப்பிட ஏலாது, இவளைக் கொண்டுபோகவும் ஏலாது. அவளுடைய பழைய பாவாடை ஒன்றை அளவுக்குக் கொடுக்கலாம் என்றால், தீட்டுப்பட்ட துடக்கு உடுப்பு வெளியே போகக் கூடாது. அப்போ அளவு மட்டும் தனியாகப் போக வேண்டும்.

கயிறு தேடினேன். இருந்த ஒரேயொரு கயிறு ஆட்டின் கழுத்தில் இருந்தது. ஆடு தரமாட்டேன் என்றது. திரும்பிப் பார்த்தால், சுவரில் தொங்குகிறது ரியூப்.

கத்தரிக்கோலை எடுத்து நீட்டாக ஒரு வார் வெட்டினேன். அவர் தோட்டத்தில் இருந்தார், நல்லதாய்ப் போயிற்று. யோகாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து ஒரு முடிச்சு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பிடித்து இன்னொரு முடிச்சு. அவள் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரிக்க, ஒரு கையால் அவளையும் ஒரு கையால் ரியூப்பையும் பிடித்து அளந்தேன்.

முடிச்சுப் போட்ட ரியூப் சும்மா ஏன் வர வேண்டும் என்று, அதாலேயே துணிப் பொதியைக் கரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனேன். (சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.)

முத்தையா அண்ணை ரியூப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னாக்கா, இது ரப்பராச்சே. இழுத்தா நீளுமே?"

"எங்கட ரியூப் நீளாது அண்ணை. பழசு. உயிர் போன ரியூப்."

"அப்ப எப்படிப் புடிச்சு அளக்கிறது?"

"நல்லா இழுத்துப் பிடியுங்கோ. நானும் இழுத்துப் பிடிச்சுத்தான் அளந்தனான்."

அவர் இழுத்தார். சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்தில் மூட்டை தூக்கிய கைகள். என் இழுவை எங்கே, அவருடைய இழுவை எங்கே. முடிச்சுக்கு முடிச்சு துணியில் கோடு போட்டவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"புள்ளைக்குப் பதிமூணு வயசுன்னீங்க. இடுப்பு இம்பூட்டு இருக்கே?"

"பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் சும்மாவே குடுக்கிறம்?"

"அதுக்குன்னு பத்து நாள்லயா?"

"எங்கட எண்ணெய் அப்பிடி அண்ணை."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். தைத்துத் தந்தார். தண்ணீர் வார்க்க முதல் புதுத்துணி உடம்பில் படக் கூடாது என்பதால் நானும் போட்டுப் பார்க்கவில்லை. மடித்தபடி பெட்டியில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கரையை மட்டும் காட்டினேன்.

சடங்கு நாள் வந்தது. பந்தல் நிறையச் சனம். யோகாவுக்குத் தண்ணீர் வார்த்து, அறைக்குள் கூட்டி வந்து, பாவாடையை விரித்து உடுத்தினால், அது அவளைச் சுற்றிக்கொண்டு வந்து பிறகும் யாரையாவது தேடியது. இன்னொரு பிள்ளை உள்ளே நிற்கலாம். கீழே ஒரு சாண் நிலத்தில் கிடந்து கூட்டியது.

யோகா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கதவுக்கு வெளியே மச்சாளின் குரல்: "செல்லம், ஏதும் உதவி வேணுமோ? பச்சைப் பாவாடை கையிலதான் கிடக்கு."

"ஒண்டும் வேண்டாம் மச்சாள்! அச்சொட்டாய் இருக்கு!"

யோகாவின் கண் நிரம்பிவிட்டது. "அம்மா..." என்றாள். என் மூளை வேலை செய்தது. நீண்ட பக்கத்தை மேலே இழுத்து மடித்தேன். அகன்ற பக்கத்தைச் சுருக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே அதே ரியூப்பால் இடுப்பை இறுக்கிக் கட்டி, தாவணியால் மறைத்தேன்.

"மூச்சு விடலாமோ அம்மா?"

"கொஞ்சமா விடு."

அவளைப் பந்தலுக்குக் கூட்டி வந்தேன். சனம் வாயைப் பிளந்தது. மாமி முறைக்கு மச்சாள்தான் முதல் ஆலாத்தி. பித்தளைத் தாம்பாளத்தில் திரி எரிய, மூன்று தரம் சுற்றினா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பிறகு யோகா மாமியின் காலில் விழக் குனிந்தாள்.

குனிவதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

படார்! ரியூப் அறுந்து பறந்து தாம்பாளத்தில் அடித்தது. தாம்பாளம் மச்சாளின் கையை விட்டு நிலத்தில் விழுந்து டமார் என்றது. யோகா இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றாள். (என்னில் நம்பிக்கை இல்லாமல் முதலே ஒரு கையால் பிடித்திருந்தாளாம். பிறகு சொன்னாள்.) இன்னும் ஒரு கணம் போனால் பந்தலில் இருந்த அத்தனை கண்ணும் அவளில் விழும்.

நான் செய்தது சரியான வேலை என்று சொல்லமாட்டேன். அந்த நாட்களில் விளையாட்டுக்கும் சொல்லக் கூடாத சொல் அது. ஆனால் என் பிள்ளை அழப்போகிறாள். அடித் தொண்டையால் கத்தினேன்:

"ஷெல்! பங்கருக்க ஓடுங்கோ!"

ஒரு நிமிடம் இல்லை, பந்தல் காலி. சமையல்காரர் அகப்பையோடு ஓடினார். என்னுடைய அவர் உட்கார்ந்திருந்த கதிரையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். வளவுக்குள் வெட்டியிருந்த பங்கர் குழி இரண்டும் நிறைந்துவிட்டன.

ஓடாமல் நின்றது ஒரே ஒரு ஆள். மச்சாள். குனிந்து நிலத்தில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தா.

"செல்லம், இந்த ஷெல்லில பதினொரு ஒட்டுக் கிடக்கு."

நான் குனிந்து தாம்பாளத்தை எடுத்தேன்.

மச்சாள் யோகாவைப் பார்த்தா, பாவாடையைப் பார்த்தா. பையைத் திறந்தா. பச்சைப் பாவாடையைத்தான் எடுக்கப்போகிறா என்று யோகாவின் முகம் கறுத்தது. எடுத்தது ஊசி, நூல், மஞ்சள் ரேப்.

"நான் தரவோ எண்டு கேட்டனானெல்லோ. ஏனடி வாங்கேல்லை?"

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அத்தனை நாளும் அது திமிர் என்று எல்லாரையும் நம்ப வைத்திருந்தேன். எனக்கு அந்த ரேப்பில் இருந்த கோடும் இலக்கமும் விளங்காது. அதை அவவின் முன்னால் காட்ட எனக்கு விருப்பமில்லை.

"தெரியாது மச்சாள்" என்றேன். "எனக்கு உதில பார்க்கத் தெரியாது."

சிரிப்பா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ரேப்பை யோகாவின் இடுப்பில் சுற்றி, என் விரலைப் பிடித்து ஒரு இடத்தில் வைத்தா. "இதில அமத்திப் பிடி. இலக்கம் எனக்குத் தெரியும், பிடி உனக்குத் தெரியும். அவ்வளவு காணும்."

உள்ளே கூட்டிப்போய் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டுத் தையல் போட்டோம். கீழே ஒரு சாண் மடிப்பு, இடுப்பில் பெரிய மடிப்பு. தைத்து முடிந்ததும் மச்சாள் வாசலுக்கு வந்து கூப்பிட்டா: "போயிட்டுது, வாங்கோ!"

சனம் மண் தட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஷெல் தன் தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போனதைக் கேட்டதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் அது முல்லைத்தீவுப் பக்கம் விழுந்தது என்று திசையும் காட்டினார். நானும் மச்சாளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பலகாரம் பரிமாறினோம்.

மச்சாள் அன்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் எல்லாருக்கும் சொன்னா.

ஆனால் அந்தப் பாவாடை நல்ல பாவாடை. பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்துவிட்டு ஐந்து வருடம் உடுத்தாள். ஒரு தரம் மச்சாளின் மகள் இரவலும் கேட்டாள். கொடுத்தோம். (பத்திரமாகத் திருப்பித் தரச் சொல்லி மூன்று தரம் சொல்லித்தான் கொடுத்தோம்.) ரியூப்புக்கு மட்டும் என்னுடைய அவர் ஒரு கிழமை துக்கம் காத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தக் கணக்கையும் சும்மா சொல்ல முடியாது. பிடித்த மீனின் நீளம் என்றாலும் கேட்ட சீதனம் என்றாலும் உடனே ஒரு கேள்வி வரும்.

போன மாதம் கிளினிக்கில் என் வயதைக் கேட்டார்கள். "அறுபத்து நாலு" என்றேன். பக்கத்தில் நின்ற யோகாவின் மகள், எழுதுகிற தாதிப்பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி, மெல்லக் கேட்டாள்:

"அம்மம்மா, இழுத்தோ, இழுக்காமலோ?"

"இழுக்காமல்தான் பிள்ளை" என்றேன். "இழுத்தால் எழுபது வரும்."