ரெமிஜியஸ் வாங்கிய அசல் முயல்

டாக்டர் கறியை நிறுத்தச் சொன்ன அன்று, ஒரத்தநாடு உரக்கடை ரெமிஜியஸ் வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அழுதார் என்று அவர் மனைவி அருள்ஜோதி சொல்வாள். கண்ணில் யூரியா தூசி விழுந்துவிட்டது என்று அவர் சொல்வார்.

ரத்தத்தில் கொழுப்பு. ஆடு கூடாது, மாடு கூடாது, பன்றி கூடவே கூடாது என்று டாக்டர் விரல் விட்டு எண்ணியிருந்தார். கோழியை ரெமிஜியஸ் எந்தக் காலத்திலும் கறி என்று ஒப்புக்கொண்டதில்லை. ஒரு வாரம் கீரையும் கோவைக்காயும் தின்றபடி யோசித்ததில் அவருக்கு ஓர் உண்மை தட்டுப்பட்டது. டாக்டர் முயலைப் பற்றி வாயே திறக்கவில்லை!

இதை அருள்ஜோதியிடம் அப்படியே போட்டு உடைக்க முடியுமா? டாக்டராவது மாதம் ஒருமுறை பார்ப்பவர். அருள்ஜோதி மூன்று வேளையும் பார்ப்பவள். ஆகவே ரெமிஜியஸ் கொல்லையில் சும்மா கிடந்த மாட்டுக்கொட்டகையைக் காட்டி, விஷயத்துக்குத் தொழில் என்று பேர் வைத்தார்.

“அருளு, எது எதுக்கோ முயன்று பார்த்தாச்சு. இனிமே முயல்தான்.”

“எதுக்கு, கறிக்கா?”

“சேச்சே! இனவிருத்திக்கு. அதுவும் கண்ட கலப்பும் கிடையாது. அசல் நியூசிலாந்து வெள்ளை. அப்பன், பாட்டன் வரைக்கும் சுத்தமா இருக்கணும்.”

“என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட உங்க வீட்டுல இவ்வளவு விசாரிக்கலையே.”

“அது ஏதோ அவசரத்துல நடந்துபோச்சு.”

அருள்ஜோதி கீரை ஆய்ந்த கையை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சண்டை வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

“நல்ல யோசனைதாங்க. வாங்குவோம். நானும் வரேன்.”

ரெமிஜியஸ் மாதா படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கும்பகோணத்தைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது பக்கீர் முகம்மதுவின் பண்ணை. நிழலில் வரிசையாகக் கம்பிக்கூண்டுகள். பாய் முதல் கூண்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். ரெமிஜியஸ் அதன் முதுகை அமுக்கினார். தொடையை அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டு வந்தார்.

“நல்ல சதை, பாய்.”

“இருக்காதா பின்னே? இது கலப்புங்க. கறிக்குன்னே வளர்க்கிறது. பிரியாணி போட்டா பக்கத்துத் தெருவே வந்து நிக்கும்.”

“அப்ப இதுலயே ஒரு நாலு...”

“ஏங்க,” என்றாள் அருள்ஜோதி. “அப்பன் பாட்டன் எல்லாம் கேட்டீங்களே, இதோட அப்பன் யாருன்னு பாய்க்கே தெரியாது போலிருக்கே.”

“அல்லா மேல ஆணையா தெரியாதும்மா,” என்றார் பாய்.

ரெமிஜியஸ் சாம்பல் முயலைத் திருப்பிக் கொடுத்தார். அது ஒன்றும் உடனே கையை விட்டுப் போய்விடவில்லை. அவர்தான் விடவில்லை.

அருள்ஜோதி வெள்ளைக் கூண்டுகள் பக்கம் போனாள். ஒவ்வொன்றையும் வாங்கி உதட்டை விலக்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒழுங்காகச் சேர்கிறதா என்று பார்த்தாள். காதைத் திருப்பிச் சொறி இருக்கிறதா என்று பார்த்தாள். முன்னங்காலின் உள்பக்கத்தைத் தடவினாள். “சளி பிடிச்ச முயல் மூக்கை இங்கதானே துடைச்சுக்கும், பாய்?” என்றாள். “ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அப்பனா இருந்துடக் கூடாது, வேற வேற கூட்டத்துலேர்ந்து எடுங்க.”

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “அம்மா கால்நடை டாக்டருங்களா?”

“இல்லைங்க பாய். சும்மா போன்ல பார்த்தேன்.”

ஓர் ஆணும் மூன்று பெண்ணுமாக நியூசிலாந்து வெள்ளை ஒரத்தநாட்டுக்கு வந்து சேர்ந்தது. பரவாயில்லை என்று ரெமிஜியஸ் தன்னைத் தேற்றிக்கொண்டார். அசலோ கலப்போ, சட்டிக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே. கொஞ்சம் பொறுத்தால் போயிற்று.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குட்டிகள் பிறந்தன. உரக்கடையில் மூட்டையைக்கூட நகர்த்தாத மனிதர் விடியற்காலையில் வாய்க்கால் கரைக்குப் போய்ப் புல் அறுத்து வந்தார். வேலிமசால் தீவனத்தழையைக் கட்டுக் கட்டாகச் சுமந்தார். குட்டிகளுக்கு ஊட்டாத குறை. கறி விலக்க வேண்டிய தவக்காலம் வந்தபோது வழக்கம்போல முனகவும் இல்லை. ஈஸ்டருக்குக் குட்டிகள் பதமான எடைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஒருநாள் கடையிலிருந்து வரும்போது, மகளிர் குழு பூவிழி கையில் கூடையோடு எதிரே வந்தாள். கூடைக்குள் இரண்டு ஜோடி நீளக் காதுகள் ஆடின.

“அக்கா குடுத்தாங்கண்ணே, வளர்க்கிறதுக்கு. உங்களை மாதிரி அசல் வச்சிருக்கிறவங்க இந்தப் பக்கத்துலயே இல்லையாம்!”

ரெமிஜியஸ் வீட்டுக்கு ஓடினார். கொட்டகையில் ஒரே ஒரு குட்டிதான் மிச்சம்.

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“இனவிருத்திக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நியூசிலாந்துன்னதும் ஆளாளுக்கு வந்து சொல்லி வச்சுட்டாங்க.”

“ஒண்ணு ரெண்டு வீட்டுக்கு வச்சிருக்கக் கூடாதா?”

“எதுக்கு? அசலை யாராவது அறுப்பாங்களா?”

ரெமிஜியஸ் மிச்சமிருந்த குட்டியைத் தூக்கி வாயைப் பிளந்தார். “இதுக்குப் பல்லு கோணல். இனவிருத்திக்கு ஆகாது. இந்த மாதிரி கழிசலைக் கறிக்குத்தான் தள்ளணும். அதுதான் முறை.”

“ஐயோ பாவம்! டாக்டர்கிட்ட காட்டுங்க முதல்ல.”

கால்நடை டாக்டர் குட்டியின் வாயைப் பார்த்துவிட்டு, “பல்லு முத்து மாதிரி இருக்குங்க,” என்றார்.

“கொஞ்சம் நல்லாப் பாருங்க, சார். கண்ணுகூட மாறுகண் மாதிரி...”

“உங்களுக்கு இதுல ஏதாவது குறை இருந்தே ஆகணுமா?”

“ஒரு சின்னக் குறையா இருந்தாலும் போதும், சார்.”

“அப்படி எதுவும் இல்லை. வேண்டாம்னா சொல்லுங்க, என் மச்சான் பண்ணைக்கு நானே எடுத்துக்கறேன்.”

கூடையோடு போன ரெமிஜியஸ் வெறுங்கையோடு திரும்பினார்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் அவர் முகத்தைப் பார்த்த பங்குச்சாமியார், இப்படி உருகி வேண்டுகிற ஆளை இந்தப் பங்கிலேயே பார்த்ததில்லை என்றார்.

அருள்ஜோதிக்கே மனசு கேட்கவில்லை. ஈஸ்டர் அன்று காலையில் காபியை நீட்டியபடி சொன்னாள்: “மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. உங்க போன்ல முயல் வளர்ப்பு ஒரே ஒரு வீடியோ, மீதி எல்லாம் முயல் பிரியாணி. எனக்குத் தெரியாதா உங்க ஆசை? தோலை எடுத்து, துண்டு போட்டு, மஞ்சத்தண்ணியில கழுவி வச்சுட்டேன். மத்தியானம் பிரியாணிதான்.”

“நெசமாவா! எதை வெட்டினே? நாலுல எதை?”

“அதெல்லாம் கேட்டா சாப்பிட மனசு வராது. நல்ல இளசு. போதுமா?”

ரெமிஜியஸ் பக்கத்து வீட்டுச் செல்லதுரையையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். இலை போட்டாள் அருள்ஜோதி. முதல் வாய் வைத்ததும் செல்லதுரை புருவத்தைத் தூக்கினார். அருள்ஜோதியைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

ரெமிஜியஸ் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை யூரியா மேல் பழியும் போடவில்லை.

“பார்த்தியா துரை? நார் நாரா எப்படிப் பிரியுது! ஒரு எலும்பாவது தட்டுதா? கலப்புல இந்த ருசி வருமா? கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் சொல்லிருவேன். இது அசல்!”

“அசலேதாங்க,” என்று சொல்லி அருள்ஜோதி இன்னொரு கரண்டி வைத்தாள். “பண்ருட்டிப் பலாப்பிஞ்சு.”