லியோனில் நான் வாய் திறந்த கதை

லியோன் விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு சபதம் எடுத்தேன். இனி இந்தக் குடும்பத்துக்கு வாய் நான்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தவரை அந்தப் பதவி என் மனைவி அருள்செல்வியிடம் இருந்தது. பால்காரரோ பங்குச் சாமியாரோ, அவள்தான் பேசுவாள். நான் முடிவெட்டப் போனால், எவ்வளவு வெட்டுவது என்று சலூனுக்கு முன்கூட்டியே போன் போய்விடும். அப்படிப்பட்ட என்னைப் பம்பு கம்பெனி பிரான்சுக்கு மாற்றியது. நான் காந்திபுரத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவன். அவள் போகாதவள். ஆண்டவர் கண் திறந்துவிட்டார்.

"ஜேக்கும் ஜெனிஷாவும் பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு கத்துக்கட்டும். நீ எதுக்கு அம்மணி சிரமப்படறே? நான் இருக்கறனல்ல?"

"ஆகட்டுங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ரொட்டிக் கடையில் கம்பீரமாக, "பேன்" என்றேன்.

"ஏனுங்க, கடைக்காரம்மாகிட்டப் போயி பேன் கேக்கறீங்க?"

"பிரெஞ்சுல ரொட்டிக்குப் பேன்னுதான் பேரு."

"அப்ப நம்ம ஜெனிஷா தலையில இருக்கறதுங்க?"

"அது தமிழ்ப் பேன்."

கடைக்காரம்மா கேக் கொடுத்தார்.

"இங்கத்த ரொட்டி இனிக்குமுங்களா?"

"பிரெஞ்சுக்காரங்க அப்படித்தான்."

ராஜ வாழ்க்கை! தபால்காரரிடம் நான் பேசினேன். டாக்டரிடமும் நான்தான். இருமலுக்குப் போன ஜேக்குக்கு முழங்கால் தைலம் கிடைத்தது. வளர்ற பையன், ஆகும் என்றேன். ஆபீசில் எல்லாரும் என்னிடம் இங்கிலீஷே பேசியதால், மிச்சமிருந்த பிரெஞ்சையெல்லாம் வீட்டில் பிள்ளைகள் மேல் கொட்டினேன். அவர்கள் சாயங்காலம் வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்கும்போது அருள்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஒன்றும் புரியாமல் இவளுக்கு எப்படித்தான் பொழுது போகிறதோ என்று பரிதாபப்பட்டேன்.

குளிர் கொஞ்சம் விட்ட சமயம், பிள்ளைகளின் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நீளமாகப் பேசினார். அதில் எனக்குப் பிடிபட்டது 'பப்பா' மட்டும்.

"என்னங்க சொல்றாங்க?"

"பிள்ளைங்க பேசற பிரெஞ்சுக்கு அப்பாதான் காரணமாம்."

"அது நெசந்தானுங்க" என்றவள், டீச்சர் பக்கம் திரும்பினாள். பொன்ஜூர்கூடத் தெரியாது என்று நான் நினைத்திருந்த என் பொஞ்சாதி, கடகடவென்று பிரெஞ்சில் பொரிந்தாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். 

வெளியே வந்ததும் கேட்டேன். "நெசமா என்ன சொன்னாங்க?"

"பிள்ளைங்க நல்லாத்தான் படிக்கறாங்களாம். தப்பெல்லாம் ஊட்டுல இருந்துதான் வருதாம். அப்பாவைத் தமிழ்லயே பேசச் சொல்றாங்க."

"நீ?"

"நான் பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டேனுங்க."

"உனக்கு எப்படி அம்மணி இதெல்லாம்?"

"வெங்காயம் உரிச்சது கைதானுங்க. காது சும்மாத்தான இருந்துச்சு?"

"அப்ப அந்தத் தைலம்?"

"மறுநாளே ஜேக்கைத் திரும்ப டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேனுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

அருள்செல்வி என் மப்ளரைச் சரிசெய்தாள். "ஒவ்வொரு கடையிலயும் நெஞ்சை நிமித்திட்டு முன்னால போவீங்க பாருங்க, அத்தனை அழகா இருந்துச்சுங்க. கெடுக்க மனசே வல்லை."

இவளிடம் எப்படிக் கோபப்படுவது? கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"இன்னொண்ணுங்க. புதுசா வந்த பெத்தவங்களுக்குச் சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்பு நடக்குதாம். உங்க பேரைக் குடுத்துப்போட்டேன்."

"நீயும் வாரயா?"

"வாரனுங்க. டீச்சரும் கூப்பிட்டிருக்காங்க."

சனிக்கிழமை முதல் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் அவளுக்கும் இடம் பிடித்து வைத்தேன். அவள் நேரே கரும்பலகைக்குப் போய், டீச்சரிடம் சாக்பீசை வாங்கிக்கொண்டு, பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். வகுப்பே எழுந்து நின்றது, என்னைத் தவிர.