பட்டாளத்தாரே, எடைக் கருவியில் ஏறுங்கள்

"பட்டாளத்தாரே, காலை வணக்கம். எடைக் கருவியில் ஏறுங்கள்" என்று காலை ஆறு மணிக்குக் கூடத்திலிருந்த ஆஸ்பத்திரிப் பெட்டி கத்தியது. பட்டாளத்தார் இறந்து அன்றோடு பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அவர் மனைவி சமையலறையில் ஒரே ஒரு டம்ளரை வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவர் எங்கயோ ஏறிப் போயிட்டார். நீ இன்னும் இங்க ஏறச் சொல்லிக்கிட்டு இரு" என்றாள் டம்ளரைப் பார்த்து.

பெட்டி பத்து நிமிஷம் பொறுத்துவிட்டு மறுபடி கூப்பிட்டது.

ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. பட்டாளத்தாருக்கு இதயம் பலவீனம், கூடவே சர்க்கரை. வாரா வாரம் அலைய முடியாது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கூடத்தில் இந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் எடை பார்க்க வேண்டும், கையில் பிரஷர் பட்டை சுற்ற வேண்டும், விரலில் கிளிப் மாட்ட வேண்டும். அளவுகள் தாமாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ஏதாவது ஏறுமாறாக இருந்தால் நர்ஸ் பெட்டியின் திரையில் வந்து விசாரிப்பாள். பீரங்கிப் பக்கத்திலேயே வேலை பார்த்துக் காது போனவர் என்பதால் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள். "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று அப்போது நர்ஸ் கேட்டாள். "ஊரே கூப்பிடற மாதிரி கூப்பிடு" என்றார்.

பெட்டி கூப்பிட்டதும் குளியலறையிலிருந்து "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குரல் வரும். மனைவி கூப்பிட்டு ஒரு நாளும் அவ்வளவு வேகமாக வந்தவரில்லை.

இப்போதும் பெட்டி கூப்பிட்டவுடன் அவள் காது அவளைக் கேட்காமலே குளியலறைப் பக்கம் திரும்பியது. பதிலுக்குக் காத்திருந்தது. பதில் வரவில்லை. மனிதன் ஒரு தடவைதான் சாக வேண்டும். இவர் தினமும் ஆறு மணிக்குச் செத்தார். அளவு போகாததால் பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை செத்தார். ஒரே ஒரு காலைப்பொழுதாவது அந்தக் குரல் இல்லாமல் விடிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து திரையிலிருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள். நர்ஸ் வந்தாள்.

"சொல்லுங்கம்மா."

"பத்து நாளா இதையேதான் சொல்றேன். ஐயா இறந்துட்டார். பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க."

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா." நர்ஸ் குனிந்து ஏதோ காகிதத்தைப் பார்த்தாள். "ஆனா பேரை எடுக்கணும்னா ஐயா கையெழுத்து வேணும்."

"செத்தவர் கையெழுத்தா?"

"விதிம்மா."

"சான்றிதழ் அனுப்பினேனே?"

"அது வேற பிரிவுக்குப் போயிருக்கு. அதுவரைக்கும் அளவு வந்துக்கிட்டே இருக்கணும். வரலேன்னா பெட்டி விடாது." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏம்மா இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"வீட்ல சாவு விழுந்தா பாட்டா பாடுவாங்க?" என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள்.

மாடியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் குடியிருந்தார். விசில் கையை விட்டுப் போனாலும் எல்லாரையும் உள்ளே தள்ளிப் போகச் சொல்லும் குணம் அவரை விட்டுப் போகவில்லை. பெட்டிச் சத்தம் தாங்காமல் அன்று இறங்கி வந்தார்.

"அண்ணி, இதுக்குப் போய் நர்ஸ்கிட்ட மல்லுக்கட்டுறீங்களே. ஒயரைப் பிடுங்கினா முடிஞ்சுது கதை."

பிடுங்கினார். உள்ளே பேட்டரி இருந்தது.

"மின் இணைப்பு இல்லை. பட்டாளத்தாரே, கீழே விழுந்துவிட்டீர்களா? பயப்படாதீர்கள்" என்றது பெட்டி. இப்போது இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை சொன்னது.

"அண்ணனே எழுந்து வந்து அதட்டினாத்தான் அடங்கும்போல" என்றார் கண்டக்டர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒயரைத் திரும்பச் செருகி, பெட்டியைக் கம்பளியில் சுற்றிப் பட்டாளத்தாரின் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த தடவை குரல் அவர் சட்டைகளுக்கு உள்ளேயிருந்து வந்தது. அவள் அலமாரியைத் திறந்து, கம்பளியைப் பிரித்து, பெட்டியைத் தானே தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தாள். அதற்குள் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உட்காருங்க அண்ணி. கால் வேற வீங்கிக் கிடக்கு."

"அழுதவ காலு வீங்காம கொலுசா போட்டுக்கும்? நீ வழியைச் சொல்லு."

கண்டக்டர் யோசித்தார். "அதுக்கு வேண்டியது என்ன? அண்ணன் எடை, ஒரு கை. எடைக்கு நான் ஏற முடியாது, நான் எண்பத்தஞ்சு. கையை வேணும்னா தர்றேன்."

பட்டாளத்தாரின் கடைசி எடை அறுபத்திரண்டு கிலோ. அவருடைய இரும்புப் பெட்டியை எடைக் கருவிமேல் தூக்கி வைத்து, அதில் பழைய செய்தித்தாள் கட்டு, செங்கல், அவருடைய பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டார்கள்.

"அறுபத்தொண்ணு சொச்சம். இன்னொரு பூட்ஸும் போடுங்க அண்ணி. ஹா, நேரா வந்துட்டார்!"

அவள் அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவரைச் செங்கல்லாலும் செய்தித்தாளாலும் சேர்த்துக் கட்டியாயிற்று. குறை ஒன்றும் இல்லை, பேச்சுத்தான் இல்லை.

கண்டக்டர் நாற்காலியில் அமர்ந்து பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"மிக நன்று, பட்டாளத்தாரே" என்றது பெட்டி.

"நன்றி" என்றார் கண்டக்டர், பழக்க தோஷத்தில்.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. ஆறு மணிக் குரல் நிற்கவில்லை என்றாலும் ஒரு தடவையோடு முடிந்தது. நாலாம் நாள் நர்ஸ் தானே திரையில் வந்தாள்.

"அம்மா, மூணு நாளா எடை ஒரு கிராம்கூட அசையல. பிரஷர் காளை மாடு மாதிரி இருக்கு. மெஷின் பழுதுன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிப் புதுசு அனுப்பிட்டாங்க."

"பழசு?"

"அதை எடுக்க வேற ஆள் வரணும்."

புதுப் பெட்டி அன்று மாலையே வந்தது. மறுநாள் காலை ஒன்று கூப்பிட்டு முடிப்பதற்குள் இன்னொன்று கூப்பிட்டது. ஏற்கனவே ஒரு தடவை செத்துக்கொண்டிருந்தவர் இப்போது ஜோடியாகச் செத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, நர்ஸ் வரும்வரை பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்தும்மா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், நிறுத்திடு. என்ன செஞ்சா நிறுத்துவே?"

நர்ஸ் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"இத்தனை நாளா அது யார் கை?"

"மாடி வீட்டுக் கண்டக்டர் கை."

"அது செல்லாதும்மா. அந்த விலாசத்துலயே குடியிருக்கற கையா இருக்கணும்."

"விலாசத்துல இருக்கறது நான் ஒருத்திதான்."

"அப்போ நீங்களே ஏறி நில்லுங்க. உங்க கையையே வைங்க. ரெண்டும் அடங்கிடும். அதுக்கு நான் பொறுப்பு."

"பேரு அவரு, கையி என்னுதா? இது எந்த ஊர் நியாயம்?"

"விதிம்மா" என்றாள் நர்ஸ். இந்தத் தடவை அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை.

அவள் புதுப் பெட்டியோடு வந்திருந்த எடைக் கருவியில் ஏறினாள். இறங்கி உட்கார்ந்து பட்டையைச் சுற்றி, விரலில் கிளிப்பை மாட்டினாள். மூன்று வருஷம் அவருக்கு மாட்டிவிட்ட கை, தானாகவே வேலையைச் செய்தது. பட்டை இறுக்கிப் பிடித்துத் தளர்ந்தது. இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் வாயை மூடின.

வீடு அடங்கியது. கடிகாரம்கூடக் கேட்டது. இத்தனை நாள் பிச்சை கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. ஆனால் அது அவள் நினைத்திருந்த மாதிரி இல்லை. கூப்பிடுவதற்கும் யாரும் இல்லை, கூப்பிடப்படுவதற்கும் யாரும் இல்லை. பட்டையைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கால் மணி நேரம் ஆனது. இரண்டு திரையும் சிவந்தன. இரண்டிலும் நர்ஸ் முகம்.

"அம்மா, எழுந்திரிக்காதீங்க. கதவைத் திறந்துவைக்கச் சொல்லி மாடிக்குக் குரல் கொடுங்க. வண்டி வருது."

"வண்டியா? யாருக்கு?"

"பெட்டியில என்ன பேர் இருக்கோ, அந்தப் பேருக்கு."

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றபோது கண்டக்டர் இரண்டு கையையும் விரித்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"யாரை ஏத்த வந்தீங்க? அண்ணன் போய்ப் பதினேழு நாள் ஆச்சு. இவ்வளவு லேட்டா எந்த வண்டியும் வந்து நான் பார்த்ததில்ல!"

டிரைவர் பெரிய உடம்புக்காரர். அவசரப்படாமல் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். "தெரியும். அன்னிக்கு அவரை எடுத்துக்கிட்டுப் போனதும் நான்தான்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?" என்றாள் அவள். "பேரை எடுக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட நீங்களாவது சொல்லுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்றேம்மா. முதல்ல நீங்க இதுல படுங்க. உங்க பிரஷரைப் பார்த்துட்டு அங்க டாக்டர் வாசல்லயே நிக்கிறார்."

"நானா? ஆஸ்பத்திரிப் படி மிதிக்கற வேலையே எனக்குக் கிடையாது. நாற்பது வருஷம் அவர் இழுத்துப் பார்த்துத் தோத்துப்போனார். இன்னிக்கு ஒரு பெட்டி சொன்னா வந்துடுவேனா?"

டிரைவர் அவள் கையிலிருந்த பட்டையை மெல்லக் கழற்றினார்.

"அன்னிக்கு நீங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு டாக்சியில பின்னால வந்தீங்க. வண்டியில படுத்தபடியே பட்டாளத்தார் என் போனை வாங்கி நர்ஸ்கிட்ட சொன்னார்மா: 'நான் செத்தாலும் அந்தப் பெட்டியை எடுத்துடாதே, என் சம்சாரம் எத்தனை தடவை கெஞ்சினாலும் ஏதாவது விதியைச் சொல்லி இழுத்தடி. டாக்டருக்குக் கையை நீட்டமாட்டா, ஆனா அது வாயை மூடணும்னா நீட்டுவா.'"