காருக்கு ஊத்தின கழனித் தண்ணி

எனக்கு எழுத வராது. அஞ்சாங் கிளாசோட நின்னவ. எழுத்து கோணும், பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கிடுங்க. ஆனா இந்தக் கதையை ஆளாளுக்கு மாத்திச் சொல்லுதாங்க. தப்பு செஞ்சவ நான். நானே சொல்லிருதேன்.

எங்க வீட்டுக்காரவுக ராஜபாளையத்துல மில் வேலை பாத்தவுக. ஞாயித்துக்கிழமையானா பைக்குல மம்சாபுரம், சோழபுரம்னு சுத்துவாக. பின்னால நான். (காத்து வாங்கப் போறோம்னு தெருவே பொறாமைப்பட்டுச்சு. என் இடுப்பைக் கேட்டாத்தானே தெரியும்.) அப்படிப் போன ஒரு நாள், ஒரு தோப்புல கோழி அடையிருந்த பழைய காரைப் பாத்து மயங்கிட்டாக. கட்டி இழுத்து வந்தாச்சு. பொறவு ஏழு வருசம் அதுக்குச் சாமான் தேடியே பைக் ஓடுச்சு. துருப்பிடிச்ச இரும்பை மடியில வச்சுக்கிட்டு நானும் போனேன். என் சேலையில பாதி கிரீஸ் துடைக்கப் போயிருச்சு.

மகளுக்குக் கல்யாணம் முடிவானதும், "ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து மாப்பிள்ளைய என் கார்லதான் கூட்டியாருவேன்"னு சொல்லிட்டாக. மாப்பிள்ளையோட சித்தப்பா சிரிச்சார். "ஓடுமா, நாங்க தள்ளணுமா?" அன்னையில இருந்து இவுகளுக்குச் சரியாச் சோறு இறங்கலை.

மாப்பிள்ளை அழைப்பன்னைக்கு வீடு நிறைய ஆளு. குழாயில தண்ணி வந்து நாளாச்சு. "ஏட்டி, ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தி வை"ன்னுட்டுச் சவரம் பண்ணப் போயிட்டாக. பானையெல்லாம் காலி. மாட்டுக்கு வச்சிருந்த கழனித் தண்ணி, அரிசி கழுவினது, அதுதான் ஒரு குடம் இருந்துச்சு. மாடு குடிச்சாப் பால் கறக்குது, முருங்கைக்கு ஊத்தினாக் காய்க்குது, காருக்கு மட்டும் என்ன கேடு? ஊத்தி, மூடி, விபூதியும் பூசிவிட்டேன்.

போகையில ஒண்ணும் தெரியலை. திரும்புகையில மாப்பிள்ளையும் சித்தப்பாவும் காருல, தாம்பாளத்தோட நான். பாதி வழியில கஞ்சி வாசம்.

"பக்கத்துல எங்கயோ சோறு வடிக்காக"ன்னார் சித்தப்பா.

முன்னால வெள்ளையாப் பொங்கி வழிஞ்சு கார் நின்னுருச்சு.

"என்ன சம்பந்தி, உலை வச்சுக்கிட்டா வந்தீக?"

இவுக நுரையைத் தொட்டு மோந்து பாத்தாக. என்னைப் பாத்தாக. நான் தாம்பாளத்தைப் பாத்தேன். "இஞ்சின்ல கேஸ்கட் போயிருச்சு"ன்னு என்னைக் காட்டிக் குடுக்காமச் சொல்லிட்டாக. ஏழு வருச அலுப்பும் ஒரே நிமிசத்துல அந்த முகத்துல வந்து உக்காந்துக்கிட்டது.

"நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருக்கு. மாப்பிள்ளையும் தட்டும் சேந்துல்லா வாசல் ஏறணும்"னு சித்தப்பா குதிச்சார்.

பின்னாலயே எங்க கொழுந்தன் அந்தப் பைக்குல வந்து நின்னார். மாப்பிள்ளை மாலையைச் சரி பண்ணிக்கிட்டு, "பைக்க நான் ஓட்டுதேன். அத்தை தட்டோட பின்னால உக்காரட்டும்"னார்.

எங்க பக்கம் மாமியா மருமகனுக்கு முன்னாலயே நிக்க மாட்டா. கார்லயும் முந்தானையை இழுத்துவிட்டு ஓரமா ஒடுங்கித்தான் வந்தேன். நான் அதுவரைக்கும் அவர்ட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏறிட்டேன். வேற வழி?

செத்த நேரம் கழிச்சு வாயைத் திறந்தேன். "மாப்ள, கார் மேல தப்பில்லை. கழனித் தண்ணிய ஊத்தினது நான்தான். ஒங்க மாமாவ யாரும் கேலி பண்ணாமப் பாத்துக்கிடுங்க." (முத முதல்ல மருமகன்ட்ட பேசின பேச்சு இது.) அவர் சிரிச்ச சிரிப்புல பைக் ரோட்டை விட்டு இறங்கி ஏறுச்சு.

மண்டபத்து வாசல்ல மேளம் நின்னுபோச்சு. "கார் எங்க?"ன்னாக எல்லாரும். "கார் ஜம்முனுதான் வந்துச்சு. நான்தான் பைக்குல வரணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்"னார் அந்தப் பிள்ளை. சித்தப்பா பின்னால வந்து வாயைத் திறக்கையில ஒருத்தரும் கேக்கலை. "ஏட்டி, மாப்பிள்ளை பொண்ண விட்டுட்டு மாமியாளத் தூக்கிட்டு வந்துட்டான்"னு எங்க நாத்தனா போட்ட சத்தத்துல மண்டபமே சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

இன்னைக்கும் புருசன்ட்ட கோவம் வந்தா என் மக, "எங்கம்மாவோடயே போயிருக்க வேண்டியதுதானே"ம்பா. கார் ஓடுது. பானெட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இவுக அரைஞாண்ல கட்டியிருக்காக.

நேரம் காலமெல்லாம் எனக்குச் சரியா நினைவில்லை. மருமகன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுத் திருத்திக்கிடுங்க. எங்க வீட்டுக்காரவுகள்ட்ட கேக்காதீக. நான் ரெண்டு குடம் ஊத்தினேன்னு சாதிப்பாக. ஒரு குடந்தான்.