மில்லிமீட்டரும் எங்கள் தெருப் பாவும்

ஆரணியில் விழுந்த ஒவ்வொரு துளியும் மில்லிமீட்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாக்கடைக்குப் போனது. தெரு அவருக்கு வைத்த பெயர் அது; கல்லூரி ஆய்வகத்தில் குடுவை கழுவி ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் மழைமானி வைத்திருந்தார். தினமும் காலை எட்டரைக்கு அளப்பார். செயற்கைக்கோள் கணித்த மழையைச் செல்போனில் பார்த்து, இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதுவார். சொந்த மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது மணி எட்டரை. அப்பா மாடியில் இருந்தார்.

எங்கள் பிழைப்போ தெருவில். பட்டுப் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு நூல்களை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்தால்தான் தறியில் ஏற்ற முடியும். நடுவில் மழை வந்தால் போச்சு.

அன்று ஒரு கல்யாண ஆர்டர். விட்டால் வேறு நாள் கிடையாது. வானம் கறுத்துக் கிடந்தது.

"இன்னாண்ணா, உங்க போன்ல கொட்டுது, தெருவுல புழுதி பறக்குது?" என்று மில்லிமீட்டரிடம் கேட்டாள் என் மனைவி.

"அது மேல இருந்து மேகத்தோட மண்டையப் பாத்து கணக்குப் போடுதும்மா. பாதி மழ வர்ற வழியிலயே காஞ்சிடும். அதுக்கு பக்கத்து ஊரு சேவூரும் நம்ம தெருவும் ஒரே கட்டம் வேற."

"அப்ப விரிக்கலாமா?"

"நான் பேஞ்ச மழைக்குத்தான் ஆளு. பேயப் போறதுக்கு ஜோசியர்கிட்ட போ." ஆனாலும் நோட்டைப் புரட்டினார். "இந்த மாதிரி மேகத்துக்குப் பத்துல ஏழு தடவ மானி காலி."

"மிச்சம் மூணு?"

நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். விரித்தோம்.

எட்டேகாலுக்கு என் வழுக்கையில் முதல் துளி. அதுவரை என் தலை எந்த ஆராய்ச்சிக்கும் பயன்பட்டதில்லை. தெருவே பாய், தார்ப்பாய் என்று ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் மில்லிமீட்டர். பாவின் மேல் விரித்த தார்ப்பாயின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். அவர் சட்டைப் பையில் அலாரம் அலறியது.

"எட்டரைண்ணா! அளக்கணுமே!"

"பேஜார் பண்ணாத. வாய மூடிக்கினு புடி!"

அதற்குப் பிறகு கால் மணி நேரத்தில் மழை விட்டது. நேரம் தவறி அளந்தால் அது அளவே இல்லை என்பது அவர் சட்டம். அன்றைய பக்கத்தைப் பிறகு பார்த்தேன். செயற்கைக்கோளின் கட்டத்தில் ஓர் எண். அவர் கட்டத்தில் பென்சிலில், "பாவு நனையல."

போன வருஷம் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். மானி இப்போது என் மாடியில். எட்டரைக்கு வேண்டுமென்றே நின்றபடி அளந்து போனில் சொல்கிறேன்.

"கண்ண எங்க வெச்சிக்கினு பாத்த? குனிஞ்சி பாருய்யா!" என்று திட்டுகிறார்.

குனிந்து பார்க்க எனக்குத் தெரியாதா என்ன?