மாப்பிள்ளை காரில் நான் கட்டிய மீன் தொட்டி

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி ஸ்டெல்லா, என் தங்கை கிரேஸ், அவள் கணவர் ஜெயசீலன், பக்கத்து வீட்டுப் பரிமளா அக்கா. ஒரு நாயும் இருந்தது. நடந்ததை அது யாரிடமும் சொல்லவில்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்த ஞானஸ்நான விருந்துக்குப் போனாலும், “நான்கூட அன்னிக்கு அங்கதான் இருந்தேன்” என்று புதிதாக ஒருவர் கிளம்பிவிடுகிறார். இப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் உண்மையிலேயே வந்திருந்தால் எங்கள் தெரு தாங்கியிருக்காது. கவரைப்பேட்டை ரயில்வே பிளாட்பாரத்தைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நான் கவலைப்படுகிற ஆள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை நினைத்து எட்டாம் வகுப்பிலேயே கவலைப்பட ஆரம்பித்து, ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டவன். (பரீட்சை என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. அதனால் ஃபெயில் ஆகவும் இல்லை.) அப்படிப்பட்ட எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் வேலை கிடைத்தது. லீக் டெஸ்டிங். கேனுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டை என்றால் ரிஜெக்ட். நாள் முழுக்க ஓட்டை இருக்குமோ இருக்குமோ என்று பயந்துகொண்டிருக்கச் சம்பளம் தருகிறார்கள். இதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு உலகத்தில் இல்லை. ஆனால் பல வருஷம் அதையே செய்தால் புத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். குமிழி வருகிற எதுவும் எனக்குக் குற்றவாளிதான். சோடாவைக்கூட நிம்மதியாகக் குடித்தவன் இல்லை நான்.

மாப்பிள்ளை ஜெயசீலனுக்கு அப்போது ரோலிங் மில்லில் வேலை, ஃபர்னஸ் பக்கத்தில். பழுக்கக் காய்ந்து வருகிற இரும்பை இடுக்கியால் பிடித்துத் தள்ள வேண்டும். வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் மிளகாய் மாதிரி இருக்கும். கழுத்தில், முதுகில் எப்போதும் வேர்க்குரு. கிரேஸ் எனக்கு போன் பண்ணும்போதெல்லாம் இதையேதான் சொல்லி அழுவாள். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவர் கடன் வாங்கி ஒரு பழைய கார் வாங்கினார். சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஷிப்டுக்கு வருகிற பெண்களை ஏற்றி இறக்க வண்டி கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். திங்கட்கிழமை காலை காரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாஸ் ஆனால் அன்று சாயந்திரமே ஓட்டலாம். மில்லில் மேஸ்திரியிடம், நின்றுகொள்கிறேன் என்று சொல்லியும் விட்டார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, தங்கையும் மாப்பிள்ளையும் காரிலேயே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கார்த்திகை மாத மழை ஒரு வாரமாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எல்லோரும் காரைச் சுற்றி வந்து பார்த்தோம். கிரேஸ் ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணாடியில் கொத்துக் கொத்தாகச் சிலுவை மாட்டியிருந்தாள். ஸ்டெல்லா சீட்டை அமுக்கிப் பார்த்தாள். நான் வலது பக்க ஹெட்லைட்டைப் பார்த்தேன்.

கண்ணாடிக்கு உள்பக்கம், ஒரு மூலையில், வாயால் ஊதினால் படியுமே அந்த அளவுக்கு ஓர் ஆவி.

“மாப்ள, லைட்டுக்குள்ள தண்ணி பூந்துருக்குது.”

“அது ஒண்ணும் இல்ல மச்சான். மழைக்குப் பனி மாரி கட்டும். ரெண்டு நிமிஷம் லைட் போட்டா போயிடும்.”

“நாளைக்குப் பாக்குறவன் ரெண்டு நிமிஷம் நிப்பானா?”

“நிக்காட்டி போறான். மெக்கானிக்கே உடு அதன்னாரு.”

(நான் அவரை ‘வாங்க போங்க’ என்பேன், அவர் என்னை ‘நீ’ என்பார். வயதில் நான்தான் மூத்தவன். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன்.)

சாப்பிட்டோம். பிரியாணி. மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தார். எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. அந்த ஆவி கண்ணுக்குள்ளேயே இருந்தது. மெதுவாகப் போய், “மாப்ள, நான் கயட்டிப் பாக்கட்டுமா? ஃபோன்ல ஒரு வீடியோ பாத்தேன். சீல் போட்டுக் குடுத்துடுவேன்” என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே, “உனுக்குத் தெரியுமா மச்சான்?” என்றார்.

“லீக் டெஸ்டிங்தான் மாப்ள நம்ம வேலையே.”

“அப்ப பாரு” என்று திரும்பிப் படுத்தார். அந்த இரண்டு வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சொல்ல வைத்தவன் நான்.

முன்பக்க பம்பரைக் கழற்றினால்தான் ஹெட்லைட் வெளியே வரும். கழற்றினேன். ஒரு கிளிப் உடைந்தது. அதை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீடியோவில் அந்த ஆள் கண்ணாடியைச் சூடு பண்ணி, நெம்பி, தனியாக எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து மூடினான். நெம்பும்போது கண்ணாடி உடைந்தால்? அதை நினைத்ததுமே நெம்புகிற யோசனையை விட்டுவிட்டேன். சரி, முதலில் ஓட்டை எங்கே என்று பார்ப்போம், எங்கள் கம்பெனி முறையில் பார்ப்போம் என்று முடிவு பண்ணினேன்.

“ஸ்டெல்லா, துணி ஊற வெக்கிற டப்ப எடு. ரொப்பித் தண்ணி புடி.”

“இன்னாத்துக்கு?”

“லைட்ட முக்கணும்.”

அவள் என்னையும் ஹெட்லைட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “தண்ணி பூந்துச்சின்னுதானே கயட்டுனீங்க?”

“டெஸ்டிங்குடி. இதெல்லாம் ஒனக்குத் தெரியாது.”

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பரிமளா அக்கா, “இன்னா மோசஸு, லைட்டுக்கு ஞானஸ்நானமா?” என்றார். தொழிலில் இறங்கிவிட்டால் நான் பேச மாட்டேன்.

அமுக்கினேன். பின்பக்கத்திலிருந்து குமிழி வந்தது. ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில். திருப்பிப் பார்த்தால், சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு ரப்பர் குழாய், கீழ் நோக்கி வளைந்து, வாயைத் திறந்துகொண்டு இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மெக்கானிக்குகள் கண்டுபிடிக்காத ஓட்டையை, அதுவும் ஜோடி ஓட்டையை, ஒன்பதாவது படித்தவன் கண்டுபிடித்துவிட்டான். சந்தேகம் தீர இன்னும் நாலைந்து முறை அமுக்கினேன். ஒவ்வொரு முறையும் குமிழி வெளியே வந்த அளவுக்குத் தண்ணீர் உள்ளே போனது. அது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கம்பெனியில் கேனுக்குள் தண்ணீர் போவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அது தண்ணீர் கேன்.

பஜாருக்கு ஓடினேன். ஹார்டுவேர் கடைக்காரர் சிலிக்கான் பசை ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “மீன் தொட்டி ஒட்றது இதாலதான். சொட்டுத் தண்ணி தாண்டாது” என்றார். இரண்டாக வாங்கினேன்.

உள்ளே போன தண்ணீரை பல்பு மாட்டுகிற துவாரம் வழியாகக் கவிழ்த்துக் கொட்டினேன். ஸ்டெல்லாவின் தலை காயவைக்கிற மெஷினை உள்ளே காட்டினேன். மழை மறுபடி தூற ஆரம்பித்ததால் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. காற்றில் அதுவே காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, காற்று போகிற அந்த இரண்டு குழாயையும் பசையால் அடைத்தேன். பிறகு கண்ணாடி ஓரம் முழுக்க ஒரு சுற்று. பல்பு மூடியைச் சுற்றி ஒரு சுற்று. மனசு கேட்காமல் எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு சுற்று. வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி ஒரு புளித்த வாடை.

கிரேஸ் வந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணா, இது ஒழுங்கா எரியும்ல? நாளைக்கு வேணும் இது.”

“கடல்ல போட்டாக்கூட ஒண்ணும் ஆவாது” என்றேன். என் வாழ்க்கையில் கவலையே இல்லாமல் நான் பேசிய ஒரே வாக்கியம் அது.

மறுநாள் காலை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நானும் காரில் போனேன். மழை விட்டு நல்ல வெயில். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் பொன்னேரிக்காரர் ஒருவரின் வண்டி. டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் தன்மையான மனிதர். டயரைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பேப்பர்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார். முன்னால் வந்தார். நின்றார். குனிந்தார்.

நானும் குனிந்தேன். வலது ஹெட்லைட் பூராவும் வெள்ளை வெளேரென்று மூடிக்கிடந்தது. வெயில் ஏற ஏற உள்ளே வேர்த்து, சொட்டுச் சொட்டாக வழிந்து, அடியில் ஒரு சின்னக் குளம் தேங்கியிருந்தது. மாப்பிள்ளை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அந்தக் குளம் மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது.

“இன்னாபா இது, மீன் தொட்டி கணக்கா?” என்றார் சூப்பர்வைசர்.

“நேத்துதான் சார் சீல் பண்ணோம்” என்றேன் நான்.

“தண்ணிய உள்ள வெச்சு சீல் பண்ணிக்கீறீங்க. லைட்டப் போடு.”

மாப்பிள்ளை போட்டார். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி உள்ளே புகை எழும்பியது. வெளிச்சம் என்று எதுவும் வெளியே வரவில்லை. ஒரு சொட்டு எங்கிருந்தோ சரியாக பல்பு மேலேயே விழுந்திருக்க வேண்டும். ‘டப்’ என்று ஒரு சத்தம். அதோடு அந்தப் பக்கம் இருட்டு. மீன் தொட்டிப் பசையை நான் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரர் சொன்ன மாதிரியே ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடவில்லை.

“நைட்ல லேடீஸ ஏத்திக்கினு போற வண்டிப்பா” என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மாத்திக்கினு வா, அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பொன்னேரி வண்டிக்குப் போனார். அதற்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தது.

திரும்பும் வழியில் நான், “மாப்ள” என்றேன். அவர், “நாஷ்டா துன்னியா மச்சான்?” என்றார்.

இரண்டு நாள் கழித்து, சென்னையில் பழைய வண்டி பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் அதே மாடலுக்கு ஒரு ஹெட்லைட் வாங்கினோம். கடைக்காரர் எடுத்து மேஜைமேல் வைத்தார். திருப்பிப் பார்த்தேன். அதே இரண்டு ரப்பர் குழாய், வாயைத் திறந்துகொண்டு.

“அண்ணே, இதுக்கு மூடி ரெண்டு உட்டுப்போச்சு” என்றேன்.

“மூடியா? அதுலதான் உள்ள காத்து போயி வரும். ஈரம் வெளிய வர வழியே அதான். அத மூடிட்டா சோறு பொங்குற மாரி பொங்கிடும்.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கடையின் கூரையைப் பார்த்தேன். நல்ல தகரக் கூரை. அதில் நிறைய ஓட்டை இருந்தது.

புது லைட் மாட்டிக்கொண்டு போனபோது பொன்னேரிக்காரர் ஓட்ட ஆரம்பித்துவிட்டிருந்தார். இடம் ஒன்றுதான். கார்க் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். மாப்பிள்ளை மேஸ்திரியிடம் போய் நின்றார். மேஸ்திரி ஒரு வாரம் அலையவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார், அதே ஃபர்னஸ் பக்கத்திலேயே.

தை போனது, மாசி போனது. சித்திரை வந்தது. அந்தக் கத்திரி வெயிலில் எங்கள் கேன் கம்பெனியிலேயே ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். நான் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே மில்லை நினைத்துக்கொள்வேன். ஒருநாள் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு மில் கேட்டுக்குப் போனேன், கையில் மோர் பாட்டிலோடு. எதற்குப் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வெளியே வந்தார். சட்டையில் வேர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகக் கோடு கோடாகப் படிந்திருந்தது. மோரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, “இங்க எந்த லைட்லயும் ஈரமே புடிக்காது மச்சான். நீ பயப்படாத” என்றார்.

சிரித்தார். நானும் சிரிக்க முயற்சி பண்ணினேன். பஸ்ஸில் திரும்பும்போது காலி பாட்டிலின் மூடியை வீடு வரைக்கும் இறுக்கிக்கொண்டே வந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அதே கம்பெனியில் இன்னொரு ரூட் போட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கிடைத்தது. இப்போது அதைத்தான் ஓட்டுகிறார். கண் சிவப்பு போய்விட்டது. வேர்க்குரு போய்விட்டது. ஆனால் எங்கள் சொந்தத்தில் என் பெயரும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு நான் ‘தொட்டி மாமா’. தங்கை மாமியார் வீட்டில் சீர் பேச்சு வந்தால், “அவங்க ஊட்ல மாப்பிள்ளைக்கு மீன் தொட்டி செஞ்சாங்க” என்று ஆரம்பிப்பார்கள். பரிமளா அக்கா, வீட்டுக்காரர் இருமினால்கூட, “மோசஸக் கூப்டு, அடைச்சி உடுவாரு” என்கிறார். நான் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறேன். ஒரு கோடைகாலத்தை ஒரு மனிதரிடமிருந்து பிடுங்கியதற்கு இவ்வளவுதான் தண்டனை என்றால் அது குறைச்சல்தான்.

புதுப்பேட்டையில் லைட்டுக்கும் பல்புக்கும் அன்று பணம் கொடுத்தவர் மாப்பிள்ளை. அதை நான் கொடுத்துவிட வேண்டும் என்று எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கையில் திணித்தால் வாங்குவதில்லை. கிரேஸிடம் கொடுத்தால் ஸ்டெல்லா பைக்குள் திரும்பி வந்துவிடுகிறது. போன கிறிஸ்துமஸுக்குக் கேக் டப்பாவுக்கு அடியில் வைத்து அனுப்பினேன். புது வருஷத்தன்று அதே டப்பாவில் முறுக்குக்கு அடியில் வந்தது. நேராகவே கேட்டேன், ஏன் மாப்ள வாங்க மாட்டேங்கிறீங்க என்று.

“குடுத்துட்டா நீ நிம்மதியா தூங்கிடுவ மச்சான்” என்றார். “நானு அந்தச் சித்திரையில தூங்கல. அது உன்கிட்டயே இருக்கட்டும்.”

இருக்கிறது. ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்.